ஆட்டுக்கறியும் சுகர் பீன்ஸும் வேக ஒரு மூன்றுகால் இரும்புச் சட்டி: டர்பனிலிருந்து ஒரு மதிப்பீடு

எலும்போடு கூடிய ஆட்டுக்கறியையும் காய்ந்த சுகர் பீன்ஸையும் (ராஜ்மா இனத்துச் செம்புள்ளி விதை) ஒரே குழம்பில் சேர்த்து, கறி நாராகாமலும் பீன்ஸ் கரைந்துபோகாமலும் பக்குவமாக வேகவைப்பதற்கு, எங்கள் டர்பன் வட்டாரக் கடைகளில் விற்கும் பாத்திரங்களுள் மூன்றுகால் வார்ப்பிரும்புச் சட்டிக்கு நிகரானது வேறில்லை என்பது அதைத் தொடர்ந்து பயன்படுத்திவரும் எனது முடிவு. ஆயினும் அது எல்லா வீட்டுக்கும் உகந்த பாத்திரம் அன்று. அதற்கு வேண்டிய கவனிப்பைக் கொடுக்க நேரமில்லாதவர்களும், முற்றமில்லாத அடுக்குமாடி வீட்டில் மின்னடுப்பை மட்டுமே நம்பியிருப்பவர்களும் வாங்குவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும். அவர்கள் முடிவெடுக்க உதவும் அளவுக்கு, சட்டியின் நிறைகளையும் குறைகளையும் சமையலோடு சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் போய்க்கி என்று அழைக்கும் இந்தச் சட்டி, டச்சுக்காரர்களோடு கேப் பகுதிக்கு வந்து, பின்னர் மாட்டுவண்டிகளில் தொங்கியபடி உள்நாட்டுக்குச் சென்ற பாத்திரம். சூலு மக்களின் வீடுகளில் மண்பானைகளின் இடத்தை அது பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. இன்றும் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் முற்றத்தில் வரிசையாக நிற்பவை இத்தகைய பெரிய சட்டிகளே. உடைத்த மக்காச்சோளமும் சுகர் பீன்ஸும் சேர்த்து மணிக்கணக்காக வேகவைக்கும் இந்நாட்டு உணவு அதில்தான் முழுச் சுவை பெறுகிறது. சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் டோங்காட்டிலும் உள்ள நம் தமிழர் வீடுகளில் கல்யாணச் சமையலுக்கு அலுமினியப் பாத்திரங்களே நெடுங்காலமாகப் பழக்கம். இரும்புச் சட்டி ஞாயிற்றுக்கிழமை பிராய் (தணலில் இறைச்சி வாட்டும் முற்றத்து விருந்து) போடும்போது வெளியே வருவதோடு சரி. அது ஒரு குறை என்றே நினைக்கிறேன். நம் பீன்ஸ் கறிக்குப் பொருத்தமான பாத்திரம் பக்கத்து வீட்டு முற்றத்திலேயே இருந்தும் நம்மில் பலர் அதைச் சமையலறைப் பாத்திரமாகக் கருதவே இல்லை.

சட்டிகள் எண்ணால் அளவிடப்பட்டு விற்கப்படுகின்றன. நான் பயன்படுத்துவது மூன்றாம் எண். ஏறத்தாழ 8 லிட்டர் கொள்ளும். ஒன்றரைக் கிலோ கறியும் அரைக் கிலோ காய்ந்த பீன்ஸும் அதில் தாராளமாக அடங்கும். கூட்டுக்குடும்பத்துக்கு ஒரு வேளைக்கும், நால்வர் உள்ள வீட்டுக்கு இரண்டு வேளைக்கும் அது போதுமானது. அதற்கு மேற்பட்ட எண்களை வாங்குவோர், நிரம்பிய சட்டியைத் தணலிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டும் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை சில உண்டு. விலை குறைந்த சட்டிகளுக்கும் உயர்ந்த சட்டிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் மூடியில்தான் தெரிகிறது. நான் முதலில் கொண்டுவந்த சட்டியின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு ஆடியது. ஆவி அந்த இடைவெளி வழியே ஓயாமல் வெளியேறி, ஒரு மணி நேரத்துக்குள் குழம்பு அடிப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் மறுப்பின்றி மாற்றிக் கொடுத்தார். இரண்டாம் முறை மூடியைச் சட்டியின் மேல் வைத்து ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகே எடுத்துவந்தேன். சட்டியைத் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டினால் மணியோசை போல் நீளும் ஒலி வர வேண்டும். மந்தமான ஓசை வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும். உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வார்ப்பு மணலின் சொரசொரப்பு சிறிது இருப்பது இயல்பே. ஆனால் முட்களும் குழிகளும் இருந்தால் பீன்ஸின் தோல் அங்கே ஒட்டிக் கருகும். பழைய வீடுகளில் ஃபால்கர்க் என்று பெயர் வார்க்கப்பட்ட, தலைமுறைகளாகப் புழங்கி உட்புறம் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்ட சட்டிகள் இருக்கின்றன. உறவினர் யாராவது அப்படி ஒன்றைக் கொடுக்க முன்வந்தால், புதிய சட்டியைத் தேடிக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

புதுச் சட்டியைப் பழக்குவது பற்றி ஆளுக்கொரு முறை சொல்வார்கள். கடையில் துரு ஏறாமலிருக்கப் பூசியிருக்கும் பூச்சைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு நன்றாகத் தேய்த்து நீக்கிவிட்டு, காய்கறித் தோல்களையும் உப்பையும் போட்டு நெடுநேரம் கொதிக்கவைத்து, அந்த நீரைக் கொட்டி, சட்டியைத் தணல்மேல் உலர்த்தி, சூடாக இருக்கும்போதே சூரியகாந்தி எண்ணெயைத் துணியால் மிக மெல்லியதாகப் பூசி, புகை எழுந்து அடங்கும்வரை காயவிடுவதே நான் கைக்கொண்ட முறை. பூசுவதையும் காய்ச்சுவதையும் சில தடவை திரும்பச் செய்ய வேண்டும். எண்ணெய் சூட்டில் இறுகி, இரும்போடு ஒட்டிய கெட்டியான படலமாக மாறுவதால்தான் சட்டி கறுத்து வழுவழுப்பாகிறது. தடிமனாகப் பூசினால் அது இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். முதலில் சமைக்கும் சில உணவுகள் கொழுப்பு நிறைந்தவையாகவும் புளிப்பு இல்லாதவையாகவும் இருப்பது நல்லது. வால்கறியோ கொழுப்புள்ள நெஞ்செலும்போ சட்டியைப் பழக்கும் அளவுக்கு வேறு எதுவும் பழக்குவதில்லை.

இனி சமையல்.

சுகர் பீன்ஸ் என்று இங்கே விற்கப்படும் செம்புள்ளிகள் கொண்ட விதை, ராஜ்மாவின் இனத்தையே சேர்ந்தது. அந்த இனமும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி உலகம் முழுவதும் பரவியவை. 1860 முதல் 1911 வரை மதராஸ் மாகாணத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர்கள் மொச்சையையும் தட்டைப்பயற்றையும் அறிந்தவர்கள். இந்நாட்டு மண்ணில் எளிதாகக் கிடைத்த இந்த பீன்ஸை அதே கைப்பக்குவத்தில் குழம்பாக்கினார்கள். சோறானாலும் ரொட்டியானாலும் உள்ளே குடைந்தெடுத்த கால் பங்கு பிரெட்டுக்குள் ஊற்றித் தரும் பன்னி சௌ (bunny chow) ஆனாலும், பீன்ஸ் கறிக்கு டர்பனில் தனி மதிப்பு உண்டு. அதில் ஆட்டுக்கறி சேரும்போது அது விருந்தாகிறது.

அரைக் கிலோ பீன்ஸை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். ஊறும் நீரில் உப்புப் போட்டால் விதை கெட்டியாகிவிடும் என்று நம் வீடுகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது சரியன்று. இரண்டு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்து ஊறவைத்தால் தோல் மென்மையாகி, வேகும்போது வெடித்துச் சிதறாமல் முழுதாக நிற்கிறது. தோலிலுள்ள சுண்ணச் சத்தும் மக்னீசியமும் அதன் பசைப்பொருளை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தில் புகுந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. வேகாமல் அடம்பிடிக்கும் பீன்ஸுக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் அதன் வயதே. எங்கள் கடற்கரை ஊரின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் மாதக்கணக்காகக் கிடந்த விதை எவ்வளவு ஊறினாலும் உள்ளே சுண்ணாம்புபோல் நின்றுவிடும். அதனால் மலிவாகக் கிடைக்கிறதென்று பெரிய மூட்டையாக வாங்கிச் சேர்த்து வைப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

அடுத்த படியை யாரும் தவிர்க்கக் கூடாது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில், சாதாரண எவர்சில்வர் பாத்திரத்தில், பீன்ஸைத் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். இந்த இனத்து விதைகளில், குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில், பைட்டோஹீமாக்ளுட்டினின் என்னும் நச்சுப் புரதம் உண்டு. முழுக் கொதிநிலையில் அது அழியும், 80 பாகைக்குக் கீழான மிதமான சூட்டில் அழியாது. அரைவேக்காடான சில விதைகளே கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கப் போதுமானவை. இரும்புச் சட்டியின் பெருமையே தணிந்த தணலில் மெதுவாக வேகவைப்பதுதான் என்பதால், ஊறிய பீன்ஸை நேரடியாக அதில் போட்டு அணையும் தணலில் விட்டுவிட்டுப் போகும் ஆபத்து இங்கே கூடுதலாக இருக்கிறது. எவர்சில்வரில் கொதிக்கவைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: பீன்ஸின் தோலிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து நீரைக் கறுக்கச் செய்யும். அந்த முதல் நீர் சட்டிக்குள் போகாமல் இருந்தால் குழம்பின் சிவப்பு நிறம் மங்காது. கொதித்த பிறகு சூட்டைக் குறைத்து, விரலால் நசுக்கினால் பாதி விட்டுக்கொடுக்கும் பதம் வரை வேகவைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கறியைப் பொரிக்கும்போதுதான் சட்டி தன் தகுதியை முதலில் காட்டுகிறது. மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் ஒன்றரைக் கிலோ குளிர்ந்த கறியைப் போட்டால் பாத்திரம் உடனே சூட்டை இழந்து, கறி தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். வார்ப்பிரும்பு சூடேற நேரம் எடுத்துக்கொண்டாலும், ஏறிய சூட்டை எளிதில் விடுவதில்லை. கழுத்து, தோள், முன்னங்கால் ஆகிய எலும்புள்ள துண்டுகளைத் துணியால் ஈரம் ஒற்றி எடுத்து, இரண்டு மூன்று பங்காகப் போட்டால், ஒவ்வொரு துண்டும் எல்லாப் பக்கமும் செம்பழுப்பாகப் பொரிந்து வருகிறது. அந்த நிறத்தில்தான் குழம்பின் ஆழம் இருக்கிறது. பொரிந்த கறியை எடுத்துவிட்டு, அதே கொழுப்பில் பட்டை, சோம்பு, கறிவேப்பிலை, வெங்காயம், பிறகு இஞ்சி பூண்டு என வதக்கும்போது, அடியில் ஒட்டிய கசிவெல்லாம் வெங்காயத்தின் ஈரத்தில் கரைந்து மேலே வந்துவிடும். எவர்சில்வரில் இதைச் செய்தால் பாதி அடியிலேயே கருகிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

மசாலாவைப் பொறுத்தவரை, விக்டோரியா தெருச் சந்தைக் கடைகளில் குவியலாகக் கொட்டி வைத்திருக்கும் டர்பன் கறி மசாலாவே இதற்கு ஏற்றது. அதில் மிளகாய்தான் தலைமை தாங்கும். மல்லியும் சீரகமும் சோம்பும் பின்னே நிற்கும். ஒன்றரைக் கிலோ கறிக்கு நான்கு மேசைக்கரண்டி போடுகிறேன். காரம் தாங்காதவர்கள் அளவைக் குறைப்பதைவிட, நிறம் மிகுந்து காரம் குறைந்த காஷ்மீர் மிளகாய்த்தூளைப் பாதியாகக் கலந்துகொள்வது மேல். அளவைக் குறைத்தால் பீன்ஸின் மாவுத்தன்மை மசாலாவை விழுங்கிவிடும். சட்டியைத் தணலிலிருந்து சற்று நகர்த்திய பிறகே தூளைப் போட வேண்டும் என்பது முக்கியம்: நெருப்பை விலக்கினாலும் இரும்பு நீண்ட நேரம் கொதித்துக்கொண்டேயிருக்கும், மிளகாய்த்தூள் கருகிக் கசந்துவிடும்.

கறியையும் வெந்நீரையும் சேர்த்து, மூடியை மூடி, மூடியின்மேல் நாலைந்து தணல்கட்டிகளை வைத்து, அடியில் நெருப்பைக் குறைத்துவிட வேண்டும். ஒரு மணி நேரம் கழிந்ததும் அரைவேக்காட்டுப் பீன்ஸைச் சேர்க்கலாம். அதற்கும் அரைமணி நேரத்துக்குப் பிறகு, எங்கள் ஊரில் கிரேவி சோக்கர் என்று செல்லமாக அழைக்கப்படும் உருளைக்கிழங்குப் பாதிகளைப் போடலாம். தக்காளி கடைசியில்தான் வர வேண்டும். புளிப்பு பீன்ஸின் தோலை இறுக்கி, வேகும் நேரத்தை வெகுவாக நீட்டிவிடும். சட்டியின் எண்ணெய்ப் படலத்துக்கும் அது பகை. பீன்ஸ் முழுதாக வெந்த பின்னர் மூன்று தக்காளியை அரைத்து ஊற்றி, இருபது நிமிடம் கொதித்தால் போதுமானது. எலும்பைச் சுற்றியுள்ள இணைப்புத் தசை மெதுவான நீண்ட சூட்டில் கரைந்து குழம்புக்குப் பிசுபிசுப்பான செறிவைத் தருகிறது. சில பீன்ஸ் மணிகள் தாமாகவே உடைந்து அதைக் கெட்டியாக்குகின்றன. மேலே சிவந்த எண்ணெய் மிதக்கும்போது கொத்தமல்லியைத் தூவி இறக்கிவிடலாம்.

இந்நாட்டுப் போய்க்கிச் சமையலில் தேர்ந்தவர்கள், அடுக்கடுக்காக வைத்த பிறகு அகப்பையைச் சட்டிக்குள் விடவே கூடாது என்பார்கள். அவர்கள் செய்யும் அடுக்குச் சமையலுக்கு அது பொருந்தும். பீன்ஸ் சேர்ந்த கெட்டியான நம் குழம்புக்குப் பொருந்தாது. மாவுப்பொருள் அடியில் படிந்து பிடித்துக்கொள்ளும் என்பதால், பீன்ஸ் சேர்த்த பின் கால்மணிக்கு ஒருமுறையாவது மர அகப்பையால் அடியைத் தொட்டுக் கிளற வேண்டும். “அடியைப் பார்த்துக்கோ கண்ணு, மேலே உள்ளது தன்னைத் தானே பார்த்துக்கும்” என்று என் பெரியம்மா சொல்வது இந்தச் சட்டிக்கு முற்றிலும் பொருந்துகிறது.

நம் வீடுகள் எல்லாவற்றிலும் இருக்கும் குக்கரோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியாது. நேரம் மட்டுமே கணக்கென்றால் குக்கருக்குத்தான் வெற்றி. இரண்டரை மூன்று மணி நேர வேலையை அது ஒரு மணிக்குள் முடித்துவிடும். ஆனால் குக்கரில் கறியின் பதமும் பீன்ஸின் பதமும் ஒருசேர அமைவது கடினம். இடையில் திறந்து பார்த்துச் சேர்க்க வேண்டியதைச் சேர்க்கும் வசதி இல்லாததால், கறி வெந்திருக்கும்போது பீன்ஸ் கூழாகியிருக்கும், அல்லது பீன்ஸ் முழுதாக இருக்கும்போது கறி எலும்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஆவி வெளியேறாததால் குழம்பு வற்றிச் செறிவதும் இல்லை. மறுபுறம், சட்டியின் கனமான மூடி உள்ளே அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று கடைகளில் சொல்லப்படுவதை நம்ப வேண்டாம். மூடி ஆவியைத் தேக்கித் திரும்பச் சொட்டவைக்கிறதே தவிர, கொதிநிலையை உயர்த்துவதில்லை.

இது டர்பனில் பெரிய குறையாகத் தெரியாது. கடல்மட்டத்தில் நீர் 100 பாகையில் கொதிக்கிறது. ஏறத்தாழ 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோகன்னஸ்பர்க்கில் அது 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். ஆகவே ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் இருக்கும் உறவினர்கள், “அண்ணா, நீங்கள் சொன்ன நேரத்தில் பீன்ஸ் வேகவே இல்லை” என்று குறைப்பட்டுக்கொள்வது நியாயமானது. அவர்கள் பீன்ஸை மட்டும் குக்கரில் முக்கால் பதத்துக்கு வேகவைத்துக்கொண்டு, பிறகு சட்டியிலுள்ள கறியோடு சேர்ப்பது நல்லது. அதில் சுவைக்குப் பெரிய இழப்பு ஒன்றுமில்லை.

நம் கறிக்கு அப்பாற்பட்டதிலும் சட்டியைச் சோதிக்க வேண்டும் என்பதற்காக, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மிளகாய் இறைச்சிக் குழம்பான சில்லி கான் கார்னேயையும் இதில் செய்துவருகிறோம். சான் அன்டோனியோ நகரத்துச் சதுக்கங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண்கள் மாலை நேரங்களில் சட்டிகளோடு அமர்ந்து விற்ற உணவு அது. 1893இல் சிக்காகோவில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அந்நகரத்தின் பெயரில் ஒரு சில்லிக் கடை இடம்பெற்றது. 1977இல் டெக்சாஸ் சட்டமன்றம் அதைத் தம் மாநில உணவாக அறிவித்தது. அந்த ஊர்க்காரர்கள் மாட்டிறைச்சியைத் துண்டுகளாக நறுக்கிப் போடுவார்கள். போட்டிகளில் பீன்ஸ் சேர்க்க அனுமதிப்பதில்லை. பீன்ஸ் சேர்ந்த வடிவமே வீடுகளில் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. மாட்டிறைச்சி உண்ணாத நம் வீடுகளில் ஆட்டுக் கொத்துக்கறியும் சிறு துண்டுகளும் கலந்து செய்யலாம். மிளகாய், சீரகம், பூண்டு, ஒரிகானோ ஆகிய நான்கே அதன் அடிப்படை மணங்கள். மல்லித்தூளும் கரம்மசாலாவும் சேர்த்தால் அது மீண்டும் நம் கறியாகிவிடும். காரம் குறைந்த பெரிய காய்ந்த மிளகாய்களை வறுத்து, வெந்நீரில் ஊறவைத்து அரைத்த விழுது, வெறும் மிளகாய்த்தூளைவிடப் பன்மடங்கு சிறந்த சாற்றைத் தருகிறது.

மிளகாய் விழுதும் கறியும் மட்டும் சேர்ந்த டெக்சாஸ் முறைக்கு இரும்புச் சட்டி மிக நன்று. தகர டப்பாத் தக்காளியை நிறையக் கொட்டி இரண்டு மணி நேரம் கொதிக்கவைக்கும் பரவலான முறைக்கு அது நன்றன்று. அவ்வளவு புளிப்பு அவ்வளவு நேரம் நின்றால், நன்கு பழகிய சட்டியிலும் படலம் உரிந்து, குழம்பில் இரும்பு வாடை ஏறிவிடும். இரும்புப் பாத்திரத்தில் சமைக்கும் உணவில் இரும்புச்சத்து கூடுவது உண்மை; இரத்தசோகை உள்ளவர்களுக்கு அது ஓரளவு நன்மையும் கூட. அதற்காக நாக்கில் துரு தட்டும் குழம்பை யாரும் உண்ண வேண்டியதில்லை. தக்காளி மிகுந்த சில்லியை அடிக்கடி செய்யும் வீட்டினர், உட்புறம் எனாமல் பூசிய இரும்புப் பாத்திரத்தையே வாங்கட்டும்.

நெருப்பைப் பற்றி ஒரு சொல். மூன்று கால்கள் முற்றத்துத் தணலுக்காக அமைந்தவை. சமையலறை எரிவாயு அடுப்பின்மேல் அவை சரியாக உட்காராது. கண்ணாடித் தளம் கொண்ட மின்னடுப்பில் வைக்கவே கூடாது. தட்டையான அடி கொண்ட போய்க்கி வடிவமும் விற்கிறார்கள். அடுக்குமாடிகளில் வசிப்போருக்கு அதுவே தக்கது. மின்வெட்டு நாள்தோறும் அட்டவணை போட்டு வந்த ஆண்டுகளில் முற்றத்துச் சட்டி எத்தனையோ குடும்பங்களின் இராச்சாப்பாட்டைக் காப்பாற்றியதை நான் மறக்கவில்லை. எங்கள் குவாசூலு-நடால் மாகாணத்தின் உட்பகுதியில் வளரும் கறுப்பு வாட்டில் மரத்துக் கரி நின்று நிதானமாக எரியும். மூன்று மணி நேரச் சமையலுக்கு அதுவே போதுமானது. தீக்கொழுந்து சட்டியின் வயிற்றைத் தொடும் அளவுக்கு விறகை அடுக்குவது தேவையற்றது.

உணவு மிஞ்சினால் அதைச் சட்டியிலேயே விட்டுவைக்கக் கூடாது. பீன்ஸ் கறி மறுநாள் இன்னும் சுவையாக இருக்கும் என்பது அனைவரும் அறிந்ததே, ஆனால் அது குளிர்பெட்டியில் இருந்த கறிக்குத்தான் பொருந்தும். சூட்டைப் பிடித்துவைக்கும் இரும்பின் குணம் இங்கே எதிராக வேலை செய்கிறது: டர்பனின் கோடை இரவில் சட்டிக்குள் இருக்கும் குழம்பு மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே நின்று, விடிவதற்குள் புளித்துவிடும். சாப்பிட்டு முடித்ததும் அகலமான பாத்திரங்களுக்கு மாற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குள் வைக்க வேண்டும். சட்டியை வெந்நீரால் கழுவி, உடனே அடுப்பில் காயவைத்து, எண்ணெய் தொட்ட துணியால் துடைப்பதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. அந்தப் பத்து நிமிடத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் எங்கள் கடற்காற்றில் மறுநாள் காலையில் செம்புள்ளிகள் தெரியும். இதுவே சட்டியின் பெருங்குறை. அவசர வாழ்க்கையில் எல்லோராலும் இதைத் தவறாமல் செய்ய இயலாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நம் மக்களுக்கென்றே சொல்ல வேண்டிய ஒன்று, விற்பனையாளர் எவரும் சொல்லாதது, இன்னும் இருக்கிறது. கறி சமைத்த இரும்புச் சட்டியின் கறுப்புப் படலம் அந்தக் கறியின் கொழுப்பால் ஆனது. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அது போகாது, போகவும் கூடாது. ஆகவே புரட்டாசி மாதம் முழுவதும் கவிச்சி தொடாத வீடுகளில், கறிச் சட்டியை விரதச் சமையலுக்கு எடுக்க முடியாது. எங்கள் வீட்டில் இதற்காக, ஏறத்தாழ 3 லிட்டர் கொள்ளும் ஒன்றாம் எண் சட்டியைத் தனியாக வாங்கி, தாவர எண்ணெயால் மட்டுமே பழக்கி வைத்திருக்கிறோம். கால் கிலோ பீன்ஸும் கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் சேர்ந்த விரதக் குழம்புக்கு அது கச்சிதமான அளவு. கறியைப் பொரிக்கும் வேலை இல்லாததால் சிறிய வாய் ஒரு தடையாக இருப்பதில்லை. ஆனால் உணவின் அளவு குறைவு என்பதால் அடி விரைவில் காய்ந்துவிடுகிறது, வெந்நீரைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆண்டின் மீதி மாதங்களில் அது சும்மா கிடப்பதால், பூசிய எண்ணெய் சிக்குப் பிடித்து நாற்றமடிக்கும் வாய்ப்பும் உண்டு. எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, மூடியைத் தலைகீழாக வைத்து, இடையில் காற்றுப் புகும்படி ஒரு தாளை மடித்துச் செருகி எடுத்துவைத்தால், புரட்டாசி பிறப்பதற்கு முதல் நாள் கல்லுப்பும் வெந்நீரும் விட்டுத் துலக்கி, ஒருமுறை சூடாக்கி எண்ணெய் பூசுவதோடு சட்டி சமையலுக்குத் தயாராகிவிடுகிறது.